எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிச் சீரமைக்க நினைப்பவர்களுக்கு

2019 வசந்தத்தில் 7,200 பவுண்டு கொடுத்து ஒரு 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் வாங்கினேன். ஒரே ஆண்டில் வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். 2023 இலையுதிர் காலத்தில்தான் அது சாலைக்கு வந்தது. அதற்குள் மேலும் 17,000 பவுண்டு செலவாகிவிட்டது. இன்று அந்தக் காரின் மதிப்பு 14,000. இந்த மூன்று எண்களையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. போட்ட பணம் திரும்பி வரும் என்று நினைத்து இந்த வேலையில் இறங்காதீர்கள். காரின் மேல் ஆசை இருந்தால் இறங்குங்கள். ஆனால் நான் இழந்த பணத்திலும் காலத்திலும் பாதியையாவது நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

நான் இருப்பது ரெடிங்கில். கீழே வரும் சட்ட விஷயங்கள் பிரிட்டனுக்கு மட்டுமே பொருந்தும். கார் பற்றிய விஷயங்கள் எம்ஜிபி எங்கே இருந்தாலும் பொருந்தும்.

1. எந்த எம்ஜிபி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் முதல்முறை வாங்குபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். இதன் உதிரி பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முழு பாடியைக்கூட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே செய்து விற்கிறது.

மேல்கூரை மடக்கும் ரோட்ஸ்டர் ஒரு வகை, கூரையுள்ள ஜிடி இன்னொரு வகை. ஜிடி விலை குறைவு. கூரை இருப்பதால் பாடியும் உறுதியாக நிற்கும். மழை நாட்டில் இருக்கிறோம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். 1974 இலையுதிர் காலத்துக்குப் பிறகு வந்தவற்றில் குரோம் பம்பருக்குப் பதில் கறுப்பு ரப்பர் பம்பர் இருக்கும். அமெரிக்க விதிகளுக்காக அவற்றின் உயரத்தையும் ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். ரப்பர் பம்பர் கார்களுக்குக் கேட்பவர் குறைவு, அதனால் மலிவு. பணம் குறைவாக இருந்தால் துரு இல்லாத ரப்பர் பம்பர் ஜிடிதான் என் தேர்வாக இருக்கும். துரு பிடித்த குரோம் பம்பர் ரோட்ஸ்டரை வாங்குவதைவிட அது பல மடங்கு நல்லது.

2. பார்க்கப் போகும்போது என்ஜினைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எம்ஜிபிக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. பாடிதான் சட்டகம். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி போல ஒரு பகுதி ஓடும். இங்கே அதை "சில்" என்பார்கள். வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு என்று அடுக்காக இருக்கும். ரோட்ஸ்டரில் கூரை இல்லாததால் காரின் உறுதி முழுவதும் இந்த இரண்டு சில்களில்தான் இருக்கிறது. வெளித் தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே இரண்டு தகடுகளும் இற்றுப்போயிருக்கும். என் கார் அப்படித்தான் இருந்தது. யாரோ இற்றுப்போன பழைய தகட்டை வெட்டாமல், அதன் மேலேயே புதிய தகட்டை மூடி வெல்டிங் செய்து பெயிண்ட் அடித்திருந்தார்கள். விற்றவர் "சில் எல்லாம் புதுசு" என்றார். வெளியே பார்த்தால் அது பொய்யே இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? சில்லின் நடுவே ஜாக்கி வைக்க ஓர் இடம் உண்டு. விற்பவரிடம் அனுமதி கேட்டு அங்கே ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். தூக்கும்போது கதவின் பின் விளிம்புக்கும் பாடிக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். அது மாறினாலோ, கதவு திறக்க மூட இறுகினாலோ காரின் முதுகெலும்பு போய்விட்டது என்று அர்த்தம். ஜாக்கி வைக்கவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, பின் சக்கரத்தின் மேல் வளைவு, கதவின் அடி ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே தகடு இல்லை, ஓட்டையை மூடிய பட்டிப் பூச்சுதான். கதவில் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் பேட்டரி வைக்கும் பெட்டிகள் உண்டு. 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், பிறகு ஒரே 12 வோல்ட். அந்தப் பெட்டிகளின் அடி அமிலத்தில் அரித்துப்போயிருக்கும். கம்பளத்தைத் தூக்கித் தரையைக் கையால் அழுத்துங்கள். பின் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முழங்கால் அழுக்காகத்தான் செய்யும், பழைய சட்டை போட்டுப் போங்கள்.

என்ஜினுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். 1798 சிசி பி-சீரீஸ் என்ஜின் எளிமையானது, முரட்டுத்தனமானது. சூடான பிறகு ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் 50 பிஎஸ்ஐக்கு மேல் நிற்கிறதா, நீலப் புகை வருகிறதா என்று பார்த்தால் போதும். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் இருந்தால் நான்காவது கியரில் போட்டுப் பாருங்கள். என்ஜின் சுற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். கம்பிச் சக்கரம் உள்ள கார் என்றால் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக் போடுங்கள். "டக்" என்ற சத்தம் வந்தால் சக்கரம் அமரும் பல்வரிசை தேய்ந்திருக்கிறது.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒன்று: பதிவு எண்ணைப் போட்டால் எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், 2005 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். என் காரின் 2011 குறிப்பில் "வலது சில் அரிப்பு" என்று தெளிவாக எழுதியிருந்தது. வாங்கி மூன்று மாதம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். பழைய கார்களுக்கு 2018 மே முதல் சோதனை கட்டாயமில்லை என்பதால், அதற்குப் பிறகு பதிவே இல்லாத கார்களும் நிறைய உண்டு. அந்தக் கார்களை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

3. காகிதங்கள்

வி5சி என்ற வாகனப் பதிவுச் சான்றை நம் ஊர் ஆர்சி புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். அது உரிமைச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். யார் பெயரில் பதிவு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆகவே ரசீது தனியாக வேண்டும். இருவர் பெயர், முகவரி, தேதி, தொகை, பதிவு எண், சேஸ் எண் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கார் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் கழிக்கப்பட்டதா என்று கட்டணச் சேவையில் பார்த்துவிடுங்கள்.

பானெட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டின் எண்ணும் வி5சியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 1970களின் காரில் ஜிஹெச்என்5 என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ஜிஹெச்டி5 என்றால் ஜிடி. ஐந்துக்குப் பின் யு இருந்தால் அது அமெரிக்காவுக்காகச் செய்து பின்னால் திரும்பி வந்த கார். அது குறை அல்ல. கலிபோர்னியா கார்களில் துரு குறைவாக இருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கை இடமிருந்து வலத்துக்கு மாற்றியிருந்தால் அந்த வேலையை யார் செய்தது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

காரை விற்றதை விற்பவர் இணையத்தில் டிவிஎல்ஏ என்ற வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அன்றே தெரிவித்துவிடலாம். உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். வி5சியிலிருக்கும் பச்சை நிறப் புது உரிமையாளர் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் 12 இலக்க எண் இருந்தால்தான் உடனே வாகன வரிக்குப் பதிவு செய்ய முடியும். வி5சியே இல்லாத கார் என்றால் வி62 படிவம், 25 பவுண்டு கட்டணம், சில வாரக் காத்திருப்பு. அப்படிப்பட்ட காருக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். சேஸ் எண் தகடும் இல்லை என்றால் வாங்கவே வேண்டாம்.

வரி விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். 40 ஆண்டு தாண்டிய கார் "ஹிஸ்டாரிக்" வகையில் வரும், வரி பூஜ்யம். எல்லா எம்ஜிபியும் இப்போது இதில் அடங்கும். ஆனால் இது தானாக நடக்காது. வி5சியில் வரி வகை ஹிஸ்டாரிக் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தபால் நிலையத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். பூஜ்ய வரிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பதிவு செய்ய வேண்டும். பழைய உரிமையாளர் போட்ட வரி உங்களுக்கு வராது, முதல் முறை ஓட்டுவதற்கு முன்பே நீங்கள் போட வேண்டும்.

காரைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் சோர்ன் அறிவிப்புச் செய்யுங்கள், அதாவது கார் சாலைக்கு வராது என்று டிவிஎல்ஏவுக்குச் சொல்லுங்கள். இலவசம், ஐந்து நிமிட வேலை. அதன் பின் கார் தனியார் இடத்தில்தான் இருக்க வேண்டும். வீட்டு வாசல் தெருவில் நிறுத்தினாலும் குற்றம். முன்பதிவு செய்த எம்ஓடி சோதனைக்குப் போய் வர மட்டும், இன்சூரன்ஸோடு ஓட்டலாம்.

4. இன்சூரன்ஸ்: "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்ற சொல்லைத் தேடுங்கள்

சாதாரண பாலிசியில், விபத்து நடந்தால் சந்தை விலை இவ்வளவுதான் என்று அவர்கள் சொல்வதே முடிவு. பழைய கார்களுக்கான கிளாசிக் பாலிசியில் புகைப்படமும் பில்லும் கொடுத்தால் ஒரு தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொள்வார்கள். அதை எழுத்தில் வாங்குங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். ஆண்டுக்கு 3,000 மைல் வரம்போடு நான் 160 பவுண்டு கட்டுகிறேன். தினசரி ஓட்ட வேறொரு கார் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், இரவில் கராஜில் பூட்ட வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை போடும். சீரமைப்பு நடக்கும் காலத்துக்குத் தீ, திருட்டுக்கு மட்டும் தனி பாலிசி உண்டு. அதை எடுங்கள். பிரித்துப் போட்ட பாகங்களுக்கும் அது பொருந்துமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. பிரிப்பதற்கு முன் ஒரு மாதம் சும்மா இருங்கள்

வாங்கிய வாரமே ஸ்பேனரை எடுத்தேன். அது தவறு. ஓடும் நிலையில் இருந்தால் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். என்ன சரியில்லை என்று கார் உங்களுக்குச் சொல்லும். பிரித்த பிறகு எதையும் சோதிக்க முடியாது.

அந்த மாதத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதி ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்குங்கள். கார் எந்த நாளில் செய்யப்பட்டது, முதல் நிறம் என்ன, எந்த நாட்டுக்குப் போனது, முதல் என்ஜின் எண் என்ன என்று தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள். வாங்கும்போது என் கார் சிவப்பு, பிறந்தபோது பச்சை. இது தெரிந்ததால்தான் பெயிண்ட் நிறத்தை முடிவு செய்தேன். அப்புறம் எம்ஜி கார் கிளப்பிலோ எம்ஜி ஓனர்ஸ் கிளப்பிலோ சேருங்கள். பக்கத்து ஊரில் இருபது ஆண்டாக இதே காரை வைத்திருக்கும் ஒருவரைச் சந்திப்பீர்கள். எனக்கு அப்படி ஒரு பெரியவர் கிடைத்தார். அவர் ஒரு சனிக்கிழமை சொல்லித் தந்தது நான் ஆறு மாதம் படித்ததைவிட அதிகம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன், கழற்றிய பின் என்று இரண்டு படம் எடுங்கள். போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள். பைக்கு மேல் மார்க்கரால் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும். பழைய பாகத்தைப் புதியது பொருந்தும் வரை தூக்கி எறியாதீர்கள். புதிய குரோம் பட்டைகள் பலமுறை பொருந்தவே இல்லை. பழையதை மெருகேற்றிப் போட்டேன்.

6. வேலையின் வரிசை: பாடி, பிரேக், வயரிங், என்ஜின், கடைசியில் பெயிண்ட்

முதலில் டிங்கரிங். சில் மாற்றும் வேலையை வெல்டிங் நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எனக்கு இரண்டு சில், தரை, பின் வளைவுகள் சேர்த்து 6,400 பவுண்டு ஆனது. கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "வெட்டும்போது கதவு இடைவெளியை எப்படிப் பிடித்து நிறுத்துவீர்கள்?" கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்வேன், ஒரு பக்கம் முடித்துத்தான் அடுத்த பக்கம் வெட்டுவேன், தகட்டை முழுதாக ஒட்டும் முன் கதவை மாட்டிப் பார்ப்பேன் என்று சொல்ல வேண்டும். முதலில் நான் போன பட்டறையில் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. கார் நடுவில் லேசாக வளைந்துவிட்டது. கதவு மூடவில்லை. இன்னொருவரிடம் கொண்டுபோய் மீண்டும் வெட்டி ஒட்ட எட்டு மாதம் காத்திருந்தேன். வேலை நடக்கும்போது வாரம் ஒருமுறை படம் அனுப்பச் சொல்லுங்கள். தகட்டுக்கு உள்ளே என்ன செய்தார்கள் என்பது மூடிய பிறகு யாருக்கும் தெரியாது.

பிரேக், சஸ்பென்ஷன் வேலையை நானே செய்தேன், 850 பவுண்டு. பைப்புகளைச் செம்பு-நிக்கல் கலவைக் குழாயாகவும், ரப்பர் ஹோஸ்களை முழுவதுமாகவும் மாற்றுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

வயரிங்கைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. நிறங்களைத் தெரிந்துகொண்டால் போதும். பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி போட்டதும் வருவது, பச்சை சாவியும் ஃப்யூஸும் தாண்டி வருவது, ஊதா ஃப்யூஸ் வழியாக எப்போதும் இருப்பது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு எர்த். கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த் சரியாகப் பிடிக்காததுதான். அந்த இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பாதி விளக்குகள் எரியும். ஓர் எச்சரிக்கை: 1967 வரையிலான கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். தெரியாமல் புதிய ரேடியோவை இணைத்தால் அது அந்த நொடியே போய்விடும்.

என்ஜினில் ஒன்று மட்டும். எம்ஜிபியில் க்ளட்ச் மாற்ற என்ஜினைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே எந்தக் காரணத்துக்காகக் கழற்றினாலும் க்ளட்ச்சையும் மாற்றிவிடுங்கள். அதே நேரத்தில் சிலிண்டர் ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி, எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையங்கள் போடச் சொல்லுங்கள். இந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. அது இல்லாமல் வேகமாக ஓட்டினால் வால்வு அமரும் இடம் தேயும். இரண்டும் சேர்த்து எனக்கு 1,700 பவுண்டு.

பெயிண்ட் 5,500. பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: தொடங்கும்போது, பிரைமர் முடிந்ததும், கார் உங்கள் கைக்கு வந்ததும். எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். தினசரி கார் வேலை வந்தால் நம் கார் மூலைக்குப் போய்விடும். என்னுடையது ஐந்து மாதம் மூலையில் இருந்தது. மீதிச் செலவு: இருக்கை, கம்பளம், துணிக்கூரைக்கு 1,300, குரோம் 900, வயரிங் 350.

7. சாலைக்கு வரும் நாள்

சட்டப்படி எம்ஓடி வேண்டாம். இருந்தாலும் போங்கள். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, அதற்கு இன்னொரு ஜோடிக் கண் உங்கள் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்க்கிறது. விலக்கு சோதனைக்கு மட்டும்தான். ஆபத்தான நிலையில் காரை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் மூன்று தண்டனைப் புள்ளி. இன்னொன்று, சோதனை விலக்கு கேட்டு நீங்கள் உறுதிமொழி தருகிறீர்கள். கடந்த 30 ஆண்டுக்குள் கார் கணிசமாக மாற்றப்படவில்லை என்பதே அது. சிலிண்டர் எண்ணிக்கை வேறான என்ஜின் போட்டிருந்தால் கையெழுத்துப் போடும் முன் கிளப்பில் கேளுங்கள்.

பெட்ரோல் பங்கில் பச்சைக் கைப்பிடியைப் பார்த்து இ10 போடாதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றால் அதுதான். அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும். சூப்பர் என்று விற்கும், எத்தனால் குறைந்த இ5 போடுங்கள். எரிபொருள் ஹோஸில் ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கசிந்த ஹோஸுக்குப் பக்கத்தில்தான் சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது. என்ஜின் எண்ணெய் 20டபிள்யூ-50, பழைய என்ஜின்களுக்கானது.

லண்டனுக்குள் போக யூலெஸ் என்ற புகை மாசுக் கட்டணம் இல்லை, வரி வகை ஹிஸ்டாரிக் என்று இருந்தால். நகர மையத்தின் நெரிசல் கட்டணத்துக்கு அந்த விலக்குக் கிடையாது, மறந்துவிடாதீர்கள். கறுப்பில் வெள்ளி எழுத்துள்ள பழைய நம்பர் பிளேட் ஆசை இருந்தால், 1980 ஜனவரி 1க்கு முன் தயாராகி, ஹிஸ்டாரிக் வகையில் இருக்கும் காருக்கு மட்டும் போடலாம்.

முதல் 500 மைலில் சிலிண்டர் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், 45 முதல் 50 பவுண்டு-அடி. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் கிரீஸ் முனைகளில் 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். பிரேக் எண்ணெய் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அக்டோபர் கடைசியில், சாலையில் உப்புப் போடத் தொடங்கும் முன், சில்களின் உள்ளே மெழுகு அடித்து வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். என் வலது சில்லில் அந்தத் துளையைப் பெயிண்ட் அடித்தவர் மூடியிருந்தார். குத்தியதும் ஒரு டம்ளர் தண்ணீர் வெளியே வந்தது.